காலில் தைத்த முள்ளும் டி.டி. ஊசியும்

அப்பாவின் வலது உள்ளங்காலில் முள் தைத்தது கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில். கண்மாய்க் கரையில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆடுகளை ஓட்டிவரப் போனவர், சீமைக் கருவேலம் வெட்டிப் போட்டிருந்த இடத்தில் இருட்டும் நேரத்தில் கால் வைத்துவிட்டார். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிய முள்ளை அங்கேயே கரையில் உட்கார்ந்து பிடுங்கி எறிந்துவிட்டு, ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். இரவில் சாப்பிட வந்தபோது வலது காலை நன்றாக ஊன்றாமல் நடந்ததைக் கண்டு நான் கேட்ட பிறகுதான், "முள்ளுதான் தாயி, அங்கனயே புடுங்கிப் போட்டுட்டேன்" என்றார். காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். முன்பாதத்தில், இரண்டாம் விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் நேர் பின்னே, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கரும்புள்ளி இருந்தது. ரத்தம் வந்த அடையாளம்கூட இல்லை. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். மறுநாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். அத்துடன் காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

நான் 26 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி, காயங்களுக்குக் கட்டுப் போடும் அறையில் கழிந்தது. அரிவாள் வெட்டும் சிராய்ப்பும் அந்த அறையில் எங்களை அதிகம் அலைக்கழித்ததில்லை. வாய் பெரிதாக இருக்கும், ரத்தம் கொட்டும், வந்தவரும் பயந்திருப்பார். ஆகவே அன்றைக்கே வந்துவிடுவார். காலில் ஆணி ஏறியவர்களும் முள் தைத்தவர்களும் மட்டும் பத்து நாள், பதினைந்து நாள் கழித்து, பாதம் வீங்கி, தொடையிடுக்கில் நெறி கட்டி, இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வருவார்கள். "அன்னைக்கே டி.டி. போட்டுக்கிட்டேனே" என்ற சொல்லையும் அவர்கள் தவறாமல் கொண்டுவருவார்கள். அந்தச் சொல்லுக்கு எத்தனையோ பேரிடம் விளக்கம் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் என் வீட்டில், என் அப்பாவின் காலில், நானும் அதே தவற்றைச் செய்தேன். அதனால்தான் இதை விரிவாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

குத்துக்காயத்தின் ஆபத்து அதன் வாய் சிறிதாக இருப்பதில்தான் இருக்கிறது. உள்ளங்காலின் தோல் உடலின் மற்றப் பகுதிகளைவிடத் தடிப்பானது. அதற்கு உள்ளே, நாம் நடக்கும்போது விழும் எடையைத் தாங்குவதற்காக, நார்ச்சுவர்களால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கப்பட்ட கொழுப்பு மெத்தை இருக்கிறது. அதையும் கடந்தால் நார்ப்பட்டையும் தசைநாண்களும் மூட்டுகளும் எலும்புகளும் அடுக்கடுக்காக வருகின்றன. குதிகாலில் இந்த மெத்தை கொஞ்சம் கனமாக இருப்பதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. முன்பாதத்தில், விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னே திரட்சியாக இருக்கும் பகுதியில், தோலுக்கும் எலும்புக்கும் இடையே அவ்வளவு தூரம் கிடையாது. சீமைக் கருவேல முள் 2 அங்குலம் வரைகூட நீளும். கையில் முள் குத்தினால் நாம் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். காலில் குத்தும்போதோ, வலி உறைப்பதற்குள் உடலின் முழு எடையும் அந்த முள்ளின் மேல் இறங்கிவிடுகிறது. சென்ட்ரிங் வேலை செய்கிறவர்கள் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியை மிதிக்கும்போது நடப்பதும் இதுவே. அந்த ஆணி எவ்வளவு தூரம் உள்ளே போனது என்பதை மேலே தெரியும் புள்ளியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

முள்ளோ ஆணியோ தனியாக உள்ளே போவதும் இல்லை. செருப்பின் ரப்பர், காலுறையின் நூல், தோலில் ஒட்டியிருந்த மண், ஆட்டுப் புழுக்கை என்று வழியில் இருப்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளிக்கொண்டே போகிறது. வெட்டுக்காயத்தில் கொட்டும் ரத்தம் இத்தகைய அழுக்கில் ஒரு பகுதியையாவது வெளியே கொண்டுவந்துவிடும். குத்துக்காயத்தில் ரத்தம் அதிகம் வருவதில்லை. ஓரிரண்டு நாளில் மேல்தோல் மூடிக்கொள்கிறது. அதற்குள் வலியும் குறைவதால், புண் ஆறிவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். உள்ளே இருப்பதோ அழுக்கும், நசுங்கிய சதையும், காற்றுப் புகாத வெதுவெதுப்பான ஒரு குழியும்.

காற்றுப் புகாத இந்தக் குழிதான், டெட்டனஸ் என்று சொல்லப்படும் ரண ஜன்னியின் கிருமிக்கு வேண்டிய இடம். துருப்பிடித்த ஆணியால்தான் ரண ஜன்னி வரும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். துருவுக்கும் அந்த நோய்க்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற அந்தக் கிருமி மண்ணிலும், ஆடு மாடு குதிரைகளின் சாணத்திலும் வித்து வடிவில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். வெயிலும் வறட்சியும் அந்த வித்தை ஒன்றும் செய்வதில்லை. சிறிது நேரம் கொதிக்க வைத்தாலும் தாக்குப்பிடிக்கும். துருப்பிடித்த ஆணி வெகுநாள் மண்ணில் கிடந்த ஆணியாக இருக்கும் என்பதால் அந்தப் பழி துருவின் மேல் விழுந்தது. மண்ணில் விழுந்த புத்தம் புதிய ஆணியும், மரத்திலிருந்து அப்போதுதான் ஒடிந்து விழுந்த பச்சை முள்ளும் அதே வித்தைச் சுமந்து செல்ல முடியும். 1884 இல் ஜெர்மனியில் ஆர்தர் நிக்கோலையர் என்ற மருத்துவர் தோட்டத்து மண்ணை விலங்குகளின் உடலில் செலுத்தி இந்த நோயை உண்டாக்கிக் காட்டினார். 1889 இல் பெர்லினில் பணிபுரிந்த ஜப்பானியர் கிடசாட்டோ ஷிபாசபுரோ அந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். காற்றை அறவே நீக்கினால்தான் அது வளரும் என்பதை அறிந்து அதற்கேற்ப வளர்த்ததே அவருடைய வெற்றிக்குக் காரணம். மறு ஆண்டே அவரும் எமில் பெஹ்ரிங்கும் அதன் நஞ்சை முறிக்கும் சீரத்தைக் கண்டுபிடித்தார்கள்.

ரண ஜன்னியில் கொல்வது கிருமி சுரக்கும் நஞ்சு. அது நரம்புகளின் வழியே மேலேறித் தண்டுவடத்தை அடைந்து, தசைகளைத் தளரவிடும் கட்டளைகளைத் தடுத்துவிடுகிறது. முதலில் தாடை இறுகும். வாயைத் திறக்க முடியாது. பிறகு கழுத்தும் முதுகும் வில்லாக வளையும். ஒரு சிறு சத்தம் கேட்டாலும் வெளிச்சம் பட்டாலும் உடம்பு முழுவதும் இழுத்துப் பிடிக்கும். காயம் பட்ட 3 நாளிலிருந்து 21 நாளுக்குள் இது பெரும்பாலும் தோன்றுகிறது; அதற்குள் காயம் மறைந்தே போயிருக்கலாம். பயிற்சிக் காலத்தில், இருட்டாக்கப்பட்ட தனி அறையில் இந்த நோயாளிகளுக்கு இரவுக் காவல் இருந்திருக்கிறேன். தட்டு கீழே விழாமல், கதவு கிறீச்சிடாமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒருமுறை இந்த நோய் வந்து பிழைத்தவருக்கும் அதனால் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை; அவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும். ஆகவே டி.டி. ஊசியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அல்ல.

அந்த ஊசியைப் பற்றியும் நம்மிடையே குழப்பம் நிறைய இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்களும், சின்ன வயதில் போட்டதே ஆயுளுக்கும் போதும் என்று நினைப்பவர்களும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இப்போதைய தேசியத் திட்டப்படி குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களிலும், பிறகு 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும், 5 முதல் 6 வயதுக்குள்ளும், 10 மற்றும் 16 வயதிலும் இந்தத் தடுப்பு மருந்து கிடைக்கிறது. பிந்தைய இரண்டு தவணைகளில் இன்று போடப்படுவது தொண்டை அடைப்பான் நோய்க்கும் சேர்த்துக் காக்கும் ஊசி. தமிழில் எழுதினால் அதுவும் டி.டி. என்றே வரும் என்பதால் பழைய பெயர் மாறாமலே நிற்கிறது. இப்படி முறையாக மூன்று தவணைக்குக் குறையாமல் போட்டுக்கொண்ட ஒருவருக்கு மண் படிந்த ஆழமான குத்துக்காயம் ஏற்பட்டால், கடைசி ஊசிக்குப் பிறகு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மட்டுமே ஒரு ஊசி தேவைப்படும். சுத்தமான சிறு காயமாக இருந்தால் 10 ஆண்டு வரை பொறுக்கலாம். தேவையின்றி அடிக்கடி போட்டுக்கொள்வதால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை. ஊசி போட்ட கை வீங்கிச் சிவந்து வலிப்பதுதான் மிச்சம்.

இதற்கு நேர் எதிரான நிலையில் இருப்பவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் 1978 இல் தொடங்கியது. அது 1985 இல்தான் விரிவாக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்னே பிறந்த விவசாயிகளில் பலர் மூன்று தவணையை ஒழுங்காக முடித்தவர்கள் அல்லர். அவ்வப்போது காயம் பட்டபோது ஒன்று போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். தடுப்பூசியால் உடல் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ள நாள்கள் பிடிக்கும். அந்த இடைவெளியைத் தாண்டுவதற்கு, ஆயத்த நிலையில் உள்ள எதிர்ப்பொருளை, பொதுவாக 250 யூனிட் அளவில், வேறொரு கையிலோ தொடையிலோ தனி ஊசியாகச் செலுத்த வேண்டியிருக்கும். பிறகு நான்கு வாரம் கழித்து இரண்டாம் தவணையும், அதற்குப் பின் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் மூன்றாம் தவணையும் போட்டு முடிக்க வேண்டும். "இதுவரைக்கும் எத்தனை ஊசி போட்டிருக்கிறீர்கள்?" என்ற கேள்வியை மருத்துவர் கேட்காவிட்டாலும், நாமாகவே சொல்லிவிடுவது நல்லது. அப்பாவுக்கு அந்தக் கணக்கை நான் சொல்லவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

இனி, அந்த ஊசி செய்யாததைச் சொல்கிறேன். டி.டி. ஊசி ரண ஜன்னியிலிருந்து காக்கிறது. காலுக்குள் போன முள்ளை அது வெளியே எடுப்பதில்லை. சீழ் பிடிக்காமல் தடுப்பதில்லை. தோலில் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் முதலான கிருமிகளை அது தொடுவதே இல்லை. குத்துக்காயம் 'செப்டிக்' ஆவதற்குக் காரணமாக இருப்பவை பெரும்பாலும் இந்தக் கிருமிகள்தாம். அதாவது, ஊசி போட்டுக்கொண்ட பிறகும் காயம் காயமாகவே இருக்கிறது. அதற்கான வைத்தியத்தைத் தனியே செய்தாக வேண்டும்.

ஷூ அணிந்த காலில் ஆணி ஏறுவது இன்னொரு வகை. வேர்வையில் ஊறிய ஷூவின் உட்புற ஸ்பாஞ்சில் சூடோமோனாஸ் என்ற கிருமி செழித்து வளரும். ஆணி அந்த ஸ்பாஞ்சைத் துளைத்துக்கொண்டு போகும்போது கிருமியை எலும்பு வரைக்கும் கொண்டுசேர்த்துவிடுகிறது. கான்வாஸ் ஷூ போட்டு விளையாடிய குழந்தைகளின் பாத எலும்பில் இப்படிச் சீழ் பிடித்ததை 1960களின் இறுதியிலிருந்தே அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவருகிறார்கள். சாதாரணமாகக் காயத்துக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற மாத்திரைகள் இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. ஆகவே ஆணி ஏறியபோது காலில் என்ன அணிந்திருந்தோம் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். முடிந்தால் அந்தச் செருப்பையோ ஷூவையோ கையோடு எடுத்துப்போய்க் காட்டலாம்.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். நான்காம் நாள் வலி போய்விட்டது. அவரும் வழக்கம்போல வயலுக்குப் போய்வந்தார். பதினோராம் நாள் வலி திரும்ப வந்தது. உள்ளங்காலில் வீக்கம் ஏதும் தெரியவில்லை, புறங்கால்தான் வீங்கியிருந்தது. உள்ளங்காலின் தோல் இறுக்கமானது என்பதால், உள்ளே அழற்சி இருந்தாலும் வீக்கம் தளர்ந்த தோல் உள்ள மேற்பக்கத்தில்தான் முதலில் தெரியும். அப்பாவுக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அந்த வாரம் சர்க்கரையின் அளவும் காரணமின்றி ஏறியிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லி ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. மாத்திரை முடிந்த ஒரு வாரத்தில் மறுபடியும் வீங்கி, அந்தக் கரும்புள்ளியின் வழியே மஞ்சளாக நீர் கசியத் தொடங்கியது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்ற சொல்லை நான் அப்படியே நம்பியிருக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் இரும்பு பளிச்சென்று தெரியும். கண்ணாடித் துண்டும் பெரும்பாலும் தெரியும். முள், மரச்சிராய், ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவை தெரிவதில்லை. சதையின் அடர்த்திக்கும் ஈரம் ஊறிய முள்ளின் அடர்த்திக்கும் வேறுபாடு மிகக் குறைவு என்பதால் அது படத்தில் கரைந்துபோகிறது. முள்ளைத் தேட வேண்டுமானால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் ஏற்றது. எலும்பில் சீழ் பிடித்திருந்தாலும்கூட அதன் அடையாளம் சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்கு முன்னே எடுத்த படம் சுத்தமாக இருப்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது. இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவையே. தெரிந்திருந்தும், நல்ல செய்தியைக் கேட்ட நிம்மதியில் கேள்வி கேட்காமல் வந்துவிட்டேன். மாத்திரை சாப்பிடும்போது வற்றுவதும், நிறுத்தியதும் மறுபடி கசிவதுமாக ஒரு புண் இருந்தால், உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். புரையோடிய புண் என்று நம் பெரியவர்கள் சொல்லும் நிலைக்கு அது போவது இப்படித்தான்.

அடுத்து நாங்கள் பார்த்த அறுவை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பிடுங்கிய முள்ளின் நுனி முழுசாக இருந்ததா?" என்பது. அப்பா அதை இருட்டில் வீசி எறிந்திருந்தார். ஸ்கேன் எடுத்ததில் தசைநாணை ஒட்டிச் சாய்வாக ஒரு துண்டு கிடப்பது தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறிதாகக் கீறி எடுத்தார்கள். 9 மில்லிமீட்டர் நீளமுள்ள முள் நுனி கறுத்துப் போய் வந்தது. அதோடு, அப்பாவின் செருப்பின் நீல நிற ரப்பரிலிருந்து கடுகளவு துணுக்கு ஒன்றும் வந்தது. புண்ணைத் தைத்து மூடாமல் திறந்தே விட்டு, உள்ளிருந்து மேல்நோக்கி ஆறும்படி தினமும் கட்டு மாற்றினோம். ஐந்து வாரத்தில் ஆறியது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு எடுத்த படத்தில் உறுதியானது.

ஆகவே காலில் ஏதாவது குத்தினால் முதல் வேலை, குத்திய பொருளைப் பார்ப்பது. முள்ளையோ ஆணியையோ பிடுங்கியதும் எறியாமல், நுனி கூராக முழுசாக இருக்கிறதா, ஒடிந்து மழுங்கியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். செருப்பையும் காலுறையையும் பார்த்து, எங்காவது துணுக்கு காணாமல் போயிருக்கிறதா என்று கவனியுங்கள். பொருள் பெரிதாக இருந்து ஆழமாக ஏறி நின்றால் இழுக்கவே கூடாது. அசையாதபடி சுற்றிலும் துணியால் அணைவு கொடுத்து அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டு நிற்கலாம்.

பிறகு கழுவுவது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காயத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் நிதானமாகக் கழுவ வேண்டும். குடிக்கத் தகுந்த தண்ணீர் எதுவும் போதும். கண்மாய்த் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் கூடாது. சுற்றியுள்ள தோலுக்குச் சோப்புப் போடலாம். கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் காயத்துக்குள் ஊற்றுவதும், ஹைட்ரஜன் பெராக்சைடை உள்ளே விட்டு நுரை பொங்கப் பார்ப்பதும் நல்ல சதையையும் சேர்த்துப் புண்ணாக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சால் துளைக்குள் வேகமாகப் பீய்ச்சினால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போகும். கழுவிய பிறகு ஈரத்தை ஒற்றி எடுத்துச் சுத்தமான துணியால் தளர்வாகக் கட்டலாம். காற்றுப் புகாதபடி பிளாஸ்திரியால் இறுக்கி ஒட்டக் கூடாது. இரண்டு மூன்று நாளாவது அந்தக் காலை ஊன்றாமல், உட்காரும்போது உயர்த்தி வைத்திருப்பது, மாத்திரைக்குச் சமமான வைத்தியம்.

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்ற பழமொழியை நம் பக்கத்தில் சொல்லளவில் மட்டும் வைத்திருக்கவில்லை. ஆடு மேய்ப்பவர்கள் அரைஞாணில் முள்வாங்கியைத் தொங்கவிட்டிருப்பார்கள். அது கையில் இல்லாதவர் அதே கருவேலமரத்தில் இன்னொரு முள்ளை ஒடித்துத் தோண்டுவார். வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை, சுத்தம் செய்த இடுக்கியால், அது புகுந்த திசையிலேயே நேராக இழுத்து எடுப்பதில் தவறில்லை. தோலுக்குள் மறைந்துபோன முள்ளைத் தோண்டுவது வேறு விஷயம். தோண்டத் தோண்ட அது நொறுங்கும், உள்ளேயும் தள்ளப்படும். எருக்கம்பால் வைப்பது, வெங்காயத்தை வதக்கி எண்ணெயோடு சுடச்சுட ஒற்றுவது, சுண்ணாம்பு தடவுவது என்று நம் வீடுகளில் உள்ள வழக்கங்களை நான் இழிவாக நினைக்கவில்லை. மருத்துவமனை இருபது மைலுக்கு அப்பால் இருந்த காலத்தில் அம்மாக்களுக்குத் தெரிந்த வழி அது. ஆனால் எருக்கம்பால் தோலைப் பொத்துப்போகச் செய்யும். சுடச்சுட வைக்கும் ஒத்தடம், உணர்ச்சி குறைந்த காலைக் கொப்பளிக்க வைத்துவிடும். சாணத்தை வைப்பதோ ரண ஜன்னி வித்தை நம் கையாலேயே காயத்தில் அப்புவதாகும். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு: கடலில் திருக்கை முள் குத்தினால், அதன் நஞ்சு வெப்பத்தில் சிதையும் என்பதால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். அதற்குப் பிறகும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாக் குத்துக்காயத்துக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை தேவை என்று சொல்ல முடியாது. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்குப் பட்ட மேலோட்டமான புதுக் காயம் கழுவுவதிலேயே ஆறிவிடும். முன்பாதத்தில் ஆழமாகக் குத்தியிருந்தால், ஷூவைத் துளைத்திருந்தால், மண்ணோ சாணமோ உள்ளே போயிருந்தால், நுனி ஒடிந்திருந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவர்கள் இரண்டு மூன்று நாள் கவனிக்கலாம். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி திரும்ப வந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை. சிவப்பு பரவுவது, பாதத்திலிருந்து மேலே சிவப்புக் கோடு ஓடுவது, நெறி கட்டுவது, காய்ச்சல், ஊன்ற முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கவனிக்கும் அவகாசமும் கிடையாது. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். செருப்புக்குள் ஆணி நீட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் நாள் முழுக்க நடந்துவிட்டு, மாலையில் செருப்பில் ரத்தக் கறையைப் பார்த்து வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். வலி என்பது ஒரு காவல் என்பதை உலகத்துக்கு உணர்த்தியவர்களில் ஒருவர் நம் மண்ணோடு தொடர்புடையவர். கொல்லிமலையில் 1914 இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தபோது, அவர்களுடைய விரல்கள் அழிவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவதன்று, வலி தெரியாததால் மீண்டும் மீண்டும் படும் காயங்களே என்பதை நிறுவினார். அவரும் அவருடைய குழுவினரும் காயம்படாத செருப்புக்காகப் பயன்படுத்திய எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் செருப்பிலும் இருக்கிறது. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்துகொண்டால், எந்த இடத்தில் உணர்ச்சி போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அப்பாவுக்கு முள் தைத்தது தெரிந்தது, வலி திரும்பியதும் தெரிந்தது. அந்த அளவுக்கு நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

முள்ளால் வரும் இன்னொரு நோயின் பெயரே எங்கள் பக்கத்து ஊரின் பெயர். மருத்துவ நூல்களில் மதுரா ஃபுட் என்று சொல்லப்படும் மதுரைப் பாதம் அது. 1842 இல் மதுரையில் பணிபுரிந்த கில் என்ற மருத்துவர் இந்த நோயை எழுதிவைத்தார். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், இதற்குப் பூஞ்சையே காரணம் என்று காட்டி மைசெட்டோமா என்று பெயரிட்டார். பூஞ்சை மட்டுமன்றிச் சிலவகை பாக்டீரியாக்களும் இதை உண்டாக்கும் என்பது பிறகு தெரியவந்தது. வெறுங்காலில் நடப்பவருக்குத் தைக்கும் முள்ளோடு கிருமி உள்ளே போகிறது. மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்து, வலியில்லாத ஒரு கட்டி தோன்றும். பிறகு பல துளைகள் விழுந்து, அவற்றின் வழியே கறுப்பாகவோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ சிறு மணிகள் வெளிவரும். வலி இல்லாததால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. போகும்போது எலும்பு அரித்துப் போயிருக்கும். பாக்டீரியாவால் வந்ததென்றால் நீண்ட கால மருந்தில் பெரும்பாலும் குணமாகும். பூஞ்சையால் வந்தது அவ்வளவு எளிதில் அடங்காது, காலையே எடுக்க வேண்டிய நிலையும் வருவதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2016 இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கரிமூட்டம் போடுகிறவர்களும் விறகு வெட்டுகிறவர்களும் ஆடு மேய்ப்பவர்களும், எப்போதோ முள் தைத்த இடத்தில் வலியில்லாத கட்டி தெரிந்தால் அதைக் காட்டிவிட வேண்டும். ஆணிக்கால் என்று எண்ணிப் பிளேடால் சீவிவிடக் கூடாது.

அப்பாவின் கால் ஆறிய பிறகு, தாழ்வாரத்தில் கிடந்த அந்த நீலச் செருப்பை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் தேய்ந்து, குதிகால் இருக்கும் இடம் அட்டையைப்போல் மெலிந்திருந்தது. வெயிலில் பிடித்து விரலால் தடவியபோது, முன்பாதம் படியும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஏதோ உறுத்தியது. குறடை எடுத்து இழுத்தேன். ரப்பருக்குள் ஒடிந்து புதைந்திருந்த வேறு இரண்டு முள்கள் வந்தன; ஒன்றின் நுனி கால் படும் பக்கத்தில் ஒரு நூலளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்டிருந்த நாள்களில் அப்பா மற்றக் காலுக்கு இதன் ஜோடியை மட்டும் மாட்டிக்கொண்டு நடந்ததால், இது அவரைத் தொடவில்லை. மறுவாரம் சந்தையில் தடித்த அடியுள்ள செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது ஆடுகளைக் கட்டிவிட்டு வந்ததும், திண்ணையில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கவிழ்த்து, அடியையும் மேலையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலைக் கழுவப் போகிறார்.